யோசிச்சுச் சொல்லுங்க, நான் இருக்கேன்

அன்று எண்ணூர் ஆற்றங்கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டிச் சொன்னான், குறைத்துச் சொன்னான் என்று பிறகு பேச்சு வரக் கூடாது. சட்டமன்றத்தின் உறுதிமொழிக் குழுத் தலைவர், அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். அவரோடு வந்த உறுப்பினர்கள் ஐந்து பேர். குழுவின் காகிதக் கட்டோடு செயலகத்திலிருந்து ஒருவர். மீன்வளத் துறையின் மாவட்ட அதிகாரி, அவருக்குக் குடை பிடித்தபடி அவருடைய உதவியாளர். எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தார் மூன்று பேர். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் இருபத்து இரண்டு பேர். அந்த இருபத்து இரண்டில் ஒருவர் என் அண்ணி. கார் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நான். எல்லாருக்கும் கொஞ்சம் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கையை வைத்துக்கொண்டு எங்கள் எம்.எல்.ஏ. அக்கா.

ஆற்றுக்குள் ஒருவரும் இல்லை. சிக்கலே அதுதான்.

அதற்கு முந்தைய பருவம் முழுக்க, முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும், ஆற்றில் யாரும் தொழிலுக்கு இறங்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். தொழில் போனவர்களுக்கு நிவாரணம் என்று அறிவிப்பும் வந்தது. படகு வைத்திருந்தவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அண்ணிக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் படகே கிடையாது. தினமும் கடலோடு சேர்ந்து ஆற்றுத் தண்ணீரும் வற்றும் நேரம் பார்த்து, இடுப்பளவு ஆற்றில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறி ஒன்று இருக்கும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்குமாதலால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ‘படகு இன்றி மேற்படி ஆற்றில் தொழில் செய்வோர் எவரும் இலர்’ என்று துறை எழுத்தில் கொடுத்திருந்தது. அது சரியா என்று பார்க்கத்தான் குழு வந்திருந்தது. வந்து பார்த்தால் ஆறு நிறையத் தண்ணீர், கரை நிறையப் பட்டு.

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எம்.எல்.ஏ. இல்லை. எங்கள் வீட்டு வாசலுக்குக் கடன் பாக்கி கேட்டு வந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. வீட்டுக்காரர் கடையில் இருப்பார். பாக்கி வசூலுக்கு அக்கா வருவார். வரும்போது கையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல். அவர் தெருமுனையில் திரும்பினாலே பையன்கள் “ஸ்டூலு வருது, ஸ்டூலு வருது” என்று கத்துவார்கள். பாதி வீடுகளில் கதவு சாத்திக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் அம்மா கதவைச் சாத்துகிற ஆள் இல்லை. வாசலிலேயே நின்று சொன்னார்: “மீன் வந்தா துட்டு வரும்மா. எங்க ஓடிப் போப்போறோம்?”

“சரிங்க. மீன் என்னைக்கு வரும்?”

“அத்த கடலாண்டதான் கேக்கணும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்.”

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோபம் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அம்மா டீ கொடுத்தார், குடித்தார். அம்மா வெங்காயத்தை எடுத்து வந்து உரிக்க உட்கார, பாதியை வாங்கி உரித்துக் கொடுத்தார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே, அப்பா வந்து கத்தினால் என்ன ஆகும், அண்ணன் குடித்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும் எனக்கு. அப்போது நான் எட்டாவதோடு நின்றுபோய் ஷேர் ஆட்டோவில் கிளீனராகத் தொங்கிக்கொண்டிருந்த காலம். கடைசியில் அம்மாவே, “இந்தா பாரும்மா, வர்ற பவுர்ணமிக்கு இவரு சீட்டு எடுக்கறாரு. அன்னிக்கு வா” என்றார். “வாரேன்” என்று எழுந்தார். பவுர்ணமிக்கு வந்தார். வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் போனார்.

“அந்தப் பொம்பள கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன்” என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். “சொம்மா ஒக்காந்துகினா இன்னாதான் பண்றது?”

அவர் எப்படிக் கட்சிக்குள் போனார், சீட்டு எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு பெரிய ஆட்கள் அடித்துக்கொண்டதில் நடுவில் இவரை நிறுத்தினார்கள் என்று பேச்சு. நின்றார், ஜெயித்தார். யார் யார் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாரோ அவர்களெல்லாம் ஓட்டுப் போட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம். அம்மாவிடம் கேட்டதற்கு, “அவ நம்மளாண்ட எப்டி ஒக்காந்தாளோ, அப்டியே ஆபீஸர் கிட்ட ஒக்காருவா இல்ல? அதுக்குத்தான்” என்றார்.

நான் அப்போது சொந்தமாக ஷேர் ஆட்டோ ஓட்டினேன். ஜெயித்த பிறகும் இரண்டு முறை என் வண்டியில் ஏறினார். மூன்றாம் முறை, “தம்பி, கார் ஓட்ட வாரீங்களா?” என்று கேட்டார். கோட்டைக்குள் வண்டி விட வேண்டும், போலீஸ் கேட்டால் என்ன சொல்வது, எனக்கு இங்கிலீஷ் வராது, பிரேக் பிடிக்காமல் எதிலாவது இடித்துவிட்டால் என்று இழுத்தேன். “இன்னும் என்னென்ன பயம் இருக்கு? எல்லாத்தையும் சொல்லிருங்க, நான் இருக்கேன்” என்றார். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “இவ்வளவையும் யோசிக்கிற ஆள் வண்டியை நல்லாத்தான் ஓட்டுவாரு. திங்கக்கிழமை வாங்க” என்றார். என் பயத்துக்கு வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

கார் ஓட்டும்போது முன்கண்ணாடியில் அவரைப் பார்ப்பேன். போனில் யாராவது இஞ்சினியரிடம் பேசிக்கொண்டிருப்பார். பேசிக்கொண்டிருப்பார் என்று எழுதுவதே தப்பு. ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “அந்தக் கால்வாய் மூடியை என்னைக்குப் போடுவீங்க?” அப்புறம் வாயே திறக்க மாட்டார். அந்தப் பக்கத்தில் அவர் ஏதேதோ சொல்வது எனக்கே கேட்கும். டெண்டர், மழை, ஆள் பற்றாக்குறை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இந்தப் பக்கம் சத்தமே இல்லாததால், “ஹலோ? ஹலோ மேடம்? லைன்ல இருக்கீங்களா?” என்பார்.

“இருக்கேன்.”

அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவர் வாயிலிருந்தே ஒரு தேதி விழும். அக்கா அதைத் திருப்பி ஒரு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியாது. ஸ்டியரிங்கில் கை வழுக்கும். பாதி நாள் நானே அந்த இஞ்சினியர் சார்பில் ஏதாவது பதில் சொல்லிவிடலாமா என்று தோன்றும்.

அவர் ‘ஏன்’ என்று யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நாள் துணிந்து அதைக் கேட்டேன். “ஏன்னு கேட்டா கதை வரும் தம்பி. நமக்கு ஆள் பேரும் தேதியும் போதும்” என்றார்.

சட்டமன்றத்துக்கு அவர் அனுப்பும் கேள்விகளும் இப்படித்தான். அலுவலகத்தில் ஒரு பட்டதாரிப் பையன் எழுதித் தருவான். ‘மக்கள் விரோதப் போக்கை’, ‘வேதனையோடு சுட்டிக்காட்டி’ என்றெல்லாம் நீளமாக வரும். அக்கா பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார். கடைசியில் நாலைந்து வார்த்தை நிற்கும். அந்தப் பையன் முகம் வாடிப்போகும். “கேள்விக்குள்ள நம்ம கோபத்தை வச்சா, அவங்க கோபத்துக்குப் பதில் சொல்லிட்டுப் போயிருவாங்கப்பா. கேள்வி அப்படியே நின்னுரும்” என்பார்.

படகில்லாதவர்களின் கேள்வி சபைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேள்வி நேரத்தை நேரடியாகப் போடுகிறார்கள் அல்லவா, கோட்டையில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாங்கள் டிரைவர்கள் ஒரு போனைச் சுற்றி நின்று பார்ப்போம். அன்று அதிகமாகவே கூட்டம். சொந்தக் கட்சி அமைச்சரையே எங்கள் அக்கா கேட்கப் போகிறார் என்று பேச்சு பரவியிருந்தது. அண்ணி வேறு ஆற்றுக்கே போகாமல் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அக்கா எழுந்தார். “எண்ணூர் ஆற்றில் படகில்லாமல் இறால் பிடிப்பவர்களுக்கு நிவாரணம் உண்டா?”

அமைச்சர் பதில் படித்தார். எத்தனை படகு, எத்தனை குடும்பம், இதற்கு முன் இருந்தவர்கள் எதுவும் செய்யவில்லை, இந்த அரசு செய்தது. மேசைகளைத் தட்டினார்கள். தட்டி முடிக்கும் வரை அக்கா நின்றார்.

“பேரவைத் தலைவர் அவர்களே, உண்டா?”

சபையே சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டு, “அப்பொருள் அரசின் பரிசீலனையில் உள்ளது” என்றார்.

“பரிசீலிக்கிறது யாரு?”

இப்போது சிரிப்பு இல்லை. போனில் படம்தான் நின்றுவிட்டதோ என்று ஒருவன் தட்டிப் பார்த்தான். நிற்கவில்லை. அக்காதான் நின்றுகொண்டிருந்தார். அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு அமைச்சரிடம் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “படகில்லாதோரையும் கணக்கெடுத்து ஆவன செய்யப்படும்” என்றார்.

“நன்றி” என்று அக்கா உட்கார்ந்துவிட்டார்.

என் பக்கத்தில் நின்ற டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னா மாமு, ஒக்காந்துட்சி! ஆவன செய்யப்படுமாம். எங்க வூட்டாண்ட பாலத்துக்கு எங்கப்பா காலத்துல ஆவன செஞ்சாங்க. அந்தப் பாலத்து மேலதான் நான் டெய்லி போறேன், நீந்திகினு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எரிந்தது. சாயங்காலம் வண்டியில் ஏறியதும் அக்காவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். “இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாங்க்கா. அண்ணி வூட்ல சோறு பொங்கலையாம், இப்பதான் போன் வந்துச்சு.”

“அவர் வாயால சொல்லிட்டாரு தம்பி. சபையில சொன்ன சொல்லு குறிப்புல ஏறிரும். உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. ஆவன செய்யப்படும்னு யார் யார் சொன்னாங்க, செஞ்சாங்களான்னு பாக்கிறதுதான் அவங்க வேலையே. செஞ்சு முடிச்சோம்னு துறை காட்டுற வரைக்கும் அந்தப் பேரை அடிக்க மாட்டாங்க.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இதுவரைக்கும் அது நம்ம குறை. இப்ப அது அவங்க பாக்கி.”

அதற்கப்புறம்தான் துறை அந்தக் கடிதத்தை எழுதியது. கணக்கெடுத்தோம், படகில்லாமல் தொழில் செய்வோர் எவரும் இலர், எனவே இந்த உறுதிமொழியை முடிந்ததாகக் கருதலாம் என்று. அக்கா அதை என்னிடம் படித்துக் காட்டினார். அண்ணியிடம் போய் நான் சொன்னேன். அண்ணி பறியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “நான் இல்லியாமா?” என்றார். “அப்ப இந்த முட்டி வலி யாருதாம்?”

குழு நேரில் வருகிறது என்று தெரிந்ததும் நான் அண்ணி வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே பெண்கள் கூடிப் பெட்டியிலிருந்து பட்டுப்புடவைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி, வேலைப் புடவையோட வாங்க. பட்டு வேணாம். பாக்கறவங்க தப்பா நெனைப்பாங்க.”

“போடா பயந்தாங்கொள்ளி. பெரிய மனுசங்க வரசொல்ல சேறும் சகதியுமா கலீஜா நிக்கச் சொல்றியா? நம்ம குப்பத்துக்கு யாருடா வந்துகிறாங்க இதுக்கு முன்னால?”

“ஆத்துல எறங்கிக் காட்டணும் அண்ணி.”

“விருந்தாளி வந்துகீற அன்னிக்கு எவடா தொழிலுக்குப் போவா? மரியாத வேணாம்?”

எங்கள் குப்பத்தில் அப்படித்தான். வெளியூர் ஆள் மரியாதைக்கு வந்தால் அன்றைக்குத் தொழில் கிடையாது. அதற்கு மேல் நான் என்ன பேச. வீட்டுக்கு வந்து, காரின் ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுப் படுத்தேன்.

அன்று குழு வந்து இறங்கியபோது ஆரத்தி எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் ஆற்றைப் பார்த்தார். முட்டமுட்டத் தண்ணீர், ஒரு தலை கூட இல்லை. பிறகு பெண்களைப் பார்த்தார். துறை அதிகாரி ரொம்ப மரியாதையான மனிதர், குரலைக்கூட உயர்த்தவில்லை. “நாங்க எழுத்துல கொடுத்ததுதாங்க சார். இவ்வளவு ஆழத்துல படகு இல்லாம யாரு இறங்க முடியும்? நீங்களே பாக்கறீங்க” என்றார். அவர் கண் அண்ணியின் கழுத்துச் சங்கிலி மேல் ஒரு நிமிடம் நின்று போனது. அந்தச் சங்கிலி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. அதைக் கத்திச் சொல்லலாமா என்று எனக்குத் தொண்டை வரை வந்தது.

பஞ்சாயத்தார் ஒருவர் எகிற ஆரம்பித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார், அவர் அடங்கினார். குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். துறைமுகத்துப் பக்கம் விருந்தினர் மாளிகையில் சாப்பாடு காத்திருந்தது. தலைவரின் கை கார்க் கதவுக்குப் போய்விட்டது.

அக்கா நாற்காலியை விட்டு எழாமலே கேட்டார். “தலைவர் ஐயா, இந்த ஆத்துல தண்ணி எப்ப வத்தும்னு துறை சொல்லட்டும்.”

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் குடையைப் பார்த்தார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்.”

எனக்கு மறுபடி கை வழுக்கியது. கடைசியில் பெண்கள் நடுவிலிருந்து அண்ணிதான் குரல் கொடுத்தார். “சோறு துண்ட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தீங்கன்னா வத்திடும் சாமி.”

தலைவர் சிரித்துவிட்டார். “அப்படீங்களா? அப்ப இருந்து பாத்துட்டே போலாமுங்க. எங்கூர்ல ஆறே வருசத்துல பாதி நாள் வத்தித்தான் கெடக்குது. வத்துறதுக்காகக் காத்திருக்கறது இதுதான் மொதத் தடவை.”

விருந்தினர் மாளிகைச் சாப்பாட்டுக்கு ஆள் போகவில்லை. வந்தவர்களுக்கென்று பெண்கள் ஆக்கி வைத்திருந்தது வந்தது. சாமியானா நிழலில் வாழை இலை போட்டார்கள். தலைவர் இறால் தொக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். “இது எங்க வாங்குனதும்மா? காசிமேட்டுலயா?”

“வாங்கல சாமி. முந்தாநேத்து இந்த ஆத்துல எடுத்ததுதான்.”

“எந்தப் படகுல?”

“படகா?” என்று அண்ணி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். வளையலுக்குக் கீழே விரல்கள் முழுக்க வெட்டுத் தழும்புகள். சிப்பி கிழித்தது, கெளுத்தி முள் குத்தியது. தலைவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தார். அடுத்த இலையில் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவரும் பார்த்தார்.

அக்கா மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. முதலில் கரையோரச் சேறு பளபளத்தது, பிறகு நடுவில் மேடு தெரிந்தது. மற்றப் பெண்கள் புடவை மாற்ற வீட்டுக்கு ஓடினார்கள். அண்ணி ஓடவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினார். சங்கிலியைக் கழற்றி என்னிடம் தந்தார். தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி, யாரிடம் கொடுப்பது என்று பார்த்து, அக்காவின் கையில் வைத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். அன்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தது அப்போதுதான். பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அண்ணி இறங்கினார். கல்யாணப் புடவை அது. சேற்றுத் தண்ணீரில் அதன் சரிகை ஒரு முறை மின்னிவிட்டு மறைந்தது.

துறை அதிகாரி பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றின் ஓரம் வரை போனார். “எத்தனை வருஷமாம்மா இது?” என்று கேட்டார். அண்ணி நிமிர்ந்து பார்த்தார். பதில் வரவில்லை. “உங்களைத்தாம்மா. எத்தனை வருஷம்?” மறுபடியும் பதில் இல்லை. கரையில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“வாயில பறி இருக்குல்லா சார்” என்றார் அக்கா. “அவங்க வரட்டும். நாம இருக்கலாம்.”

அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு அக்கா பக்கம் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றேன்: “மேடம், எங்க படிவத்துல படகு எண் போடாம அடுத்த கட்டத்துக்கே போக முடியாது. கணக்கெடுக்கப் போன பையனுங்க இவங்களை எங்கன்னு ஏத்துவாங்க? இல்லன்னு போட்டுட்டு வந்துட்டாங்க.”

“அந்தப் படிவத்தை மாத்த யார் எழுதணும்?”

அவர் யோசித்தார். அக்கா கையில் மல்லிகையோடு நின்றார். ஆற்றுக்குள் இப்போது பத்துப் பன்னிரண்டு தலைகள், எல்லார் வாயிலும் பறி.

“நான்தான் எழுதணும்” என்றார் அதிகாரி.

“என்னைக்கு?”

“நாளைக்கே எழுதறேன் மேடம்.”

எழுதினார். பெயர் போட்டுச் சொல்ல முடியாது, ஆனால் நல்ல மனிதர். உறுதிமொழியை முடிக்க முடியாது என்று குழுவும் எழுதிவிட்டது. அந்த இருபத்து இரண்டு பேரும் கணக்கில் ஏறினார்கள். தலைக்கு ஒன்பதாயிரம், இரண்டு தவணை என்று முடிவானது. முதல் தவணை வந்த அன்று அண்ணி அந்தப் பட்டுப்புடவையை உலர் சலவைக்குப் போட்டார். கறை போகவில்லை. போகாவிட்டால் என்ன என்று அடுத்த கல்யாணத்துக்கும் அதையே கட்டினார், கேட்டவர்களுக்கெல்லாம் கறையைக் காட்டிக் கதை சொன்னார்.

இரண்டாம் தவணைக்கு முன்னால் தேர்தல் வந்துவிட்டது. கட்சி அக்காவுக்கு இடம் தரவில்லை. சொந்த அமைச்சரை நிறுத்திக் கேட்டதனால் என்று சிலர் சொன்னார்கள், பணம் இல்லாததனால் என்று சிலர். அக்கா கட்சி அலுவலகத்துக்குப் போனார். “முடிவு பண்ணினது யாரு?” என்று கேட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார். நான் வெளியே காரில். விளக்குப் போடும் வரை உட்கார்ந்திருந்தார். ஆட்கள் அவரைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு வந்து ஏறிக்கொண்டு, “இது வராத பாக்கி தம்பி. வண்டியை எடுங்க” என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அன்று எனக்குத்தான் கண் மறைத்தது, பேசின் பிரிட்ஜ் வரை இரண்டாம் கியரிலேயே வந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மண்டியில் உட்கார்ந்தார். அப்புறம் மகள் வீட்டோடு ஊருக்குப் போனார். அங்கேயே தவறிப்போனார். சேதி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

இரண்டாம் தவணை வரவே இல்லை. அந்த அதிகாரியும் மாற்றலாகிப் போய்விட்டார். போன வாரம் அண்ணி என்னைக் கூப்பிட்டு, “வண்டிய எடு, ஆபீஸுக்குப் போலாம்” என்றார். இப்போது மறுபடி ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறேன். மூன்று வண்டி பிடித்து இருபத்து இரண்டு பேரும் கிளம்பினார்கள். எல்லாரும் வேலைப் புடவை. எல்லார் கையிலும் ஒரு ஸ்டூல். வழி நெடுக எனக்குப் பயம்தான். வாசலில் காவலாளி விடுவானா, போலீசைக் கூப்பிட்டால் என்ன செய்வது, ஸ்டூல் எல்லாம் திரும்பி வருமா.

காவலாளி ஸ்டூல்களைப் பார்த்துத் திகைத்து, வழி விட்டுவிட்டான். புது அதிகாரி சின்ன வயது. வராந்தா நிறையப் பெண்களைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். “உங்க விஷயம் பரிசீலனையில இருக்கும்மா, நீங்க போங்க” என்றார்.

“பண்றது யாரு சார்?” என்றார் அண்ணி.

அவர் மேசை மேலிருந்த கோப்பைப் புரட்டினார்.

“யோசிச்சு சொல்லு சார். ஒண்ணும் அவசரம் இல்ல. நாங்க கீறோம்.”

இருபத்து இரண்டு ஸ்டூல்களும் தரையில் இறங்கின. ஒருத்தி பூண்டு எடுத்து வந்திருந்தாள், உரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கை வழுக்கவில்லை, அதை நானே ஒரு முறை பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து வைத்து, பேனா மூடியைத் திறந்தார்.

“மொத்தம் எவ்வளவும்மா வரணும்?”

“எழுதிக்கோ சார்” என்றார் அண்ணி. “தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு. இருபத்திரண்டு பேரு. ஆகக்கூடி தொண்ணூத்தி ஒம்பதாயிரம் ரூபா.”